வாக்கியங்கள் தயாராகிக்கொண்டிருந்தன

என் தம்பிகள் இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் போதும், எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு ஃபோனில் வந்து நிற்கும். பெரியவன் செல்போன் ஷோரூமில் விற்பனையாளன். நல்ல கம்பெனிப் பொருளாக வாங்கு, மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே என்பது அவன் கட்சி. சின்னவன் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவன். கம்பெனிக்காரன் உன் ஃபோனுக்குள் உட்கார்ந்துகொண்டு உன்னையே விற்கிறான், யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்துவைக்கிற ஓப்பன் சோர்ஸ் ஒன்றுதான் மனிதனுக்கு மரியாதை என்பது இவன் கட்சி. நான் இவர்களுக்கு மூத்தவள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். வண்டியில் ஏறியதுமே எந்தக் கம்பெனி கியர் நல்லது என்று ஆரம்பிக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கிளட்சை விடச் சொன்னால் வேர்த்துக் கொட்டும். அதனால் அபிப்பிராயங்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது.

அப்பா காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலமெல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசியதால் அவருக்கு ரகசியம் பேச வராது. காதோடு ஒரு விஷயம் சொல்கிறேன் என்று அவர் ஆரம்பித்தால் தெருமுனையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்காமல், தம்பிகள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரில் சுடுகிற கேம் ஆடப் பழகினார். எங்கெங்கோ இருக்கிற நான்கு பேர் ஓர் அணி. முகம் தெரியாத அந்த மற்ற மூன்று பேருக்கும் அப்பாவின் வயதில் பாதிகூட இருக்காது. அவரைப் 'பெருசு' என்பார்கள், ஆனால் அவர் சொன்னபடிதான் ஓடுவார்கள். அந்தக் குரலுக்குப் பணியாமல் இருக்க முடியாது.

பக்கத்து நாற்காலி அம்மாவுடையது. அம்மாவுக்குப் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வெளிச்சம், இருட்டு இரண்டு மட்டும் பிரிந்து தெரியும். ஆனால் காது கத்தி மாதிரி. கேமுக்குள் எதிரி நடந்துவருகிற காலடிச் சத்தம் அப்பாவுக்கு முன் அவளுக்குக் கேட்டுவிடும்.

"யோவ், இடது பக்கம் ஏறி வர்றாங்கய்யா! காது அடைச்சுப் போச்சா உனக்கு?"

"எந்தப் படி? மரமா, இரும்பா?"

"இரும்பு. ரெண்டு பேரு."

"டேய், இடது பக்கம் இரும்புப் படி, ரெண்டு பேரு, விடாதீங்கடா!" என்று அப்பா மைக்கில் கத்துவார். ஜெயித்தால் பேர் அப்பாவுக்கு. தோற்றால் அம்மாவிடம் திட்டும் அவருக்குத்தான். ஆளைப் பார்த்து ஆட்டம் ஆடத் தெரியாத உனக்கு எந்த மகராசன் பெண் கொடுத்தான் என்று தன்னைப் பெற்றவரையே இழுத்துவைத்துத் திட்டுவாள். அப்பா திருப்பிக் கத்துவார். மாலை வேளைகளில் எங்கள் வீட்டைக் கடந்து போகிறவர்கள் விவாகரத்து நிச்சயம் என்று நினைத்திருப்பார்கள். நானோ, கல்யாணம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் குரல்தான் முதலில் கரகரத்தது. சளி என்றார், தூசி என்றார், மாத்திரை போட்டார். கடைசியில் நான்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். அதற்குமேல் பேச்சு வராது என்பதை அடுத்த வாக்கியத்தில் சொன்னார். அப்பா, "உயிரு இருக்கும்ல, போதும்" என்றார். திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அப்புறம் இந்த ஆளு வீட்ல இருக்காருன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

மற்ற வீட்டில் என்றால் பேச்சு போனவர் எழுதிக் காட்டுவார், சைகை காட்டுவார். எங்கள் வீட்டில் அதைப் பார்க்கக் கண் வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா நிறைய வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் பழகிக்கொள்ளும். பிறகு அவர் ஃபோனில் டைப் செய்தால் அவர் குரலிலேயே அது பேசும். "கட்டி வளர வளரக் குரல் கெட்டுக்கிட்டே போகும். இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த வேலைக்கென்றே பெற்று வைத்ததுபோல் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்களே!

அன்றைக்கே இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். பெரியவன் உடனே எழுந்து நின்றான்.

"இது ஒரு மேட்டரே இல்லைக்கா. எங்க ஷோரூம்ல வந்திருக்கிற புது ஃபோன்ல இந்த வசதி அதுக்குள்ளயே இருக்கு. கொஞ்ச நேரம் வாசிச்சாப் போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்."

"நம்ம மொழி அதுல இருக்கான்னு கேளுக்கா" என்றான் சின்னவன்.

பெரியவன் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது. "இப்போ இல்லை. அடுத்த அப்டேட்ல வருது. எங்க டிரெய்னிங்லயே சொன்னாங்க. இந்த மாசமே வந்துடும்."

"வந்தாலும் வேணாம். அப்பா குரலைக் கொண்டுபோய் அவனுங்க சர்வர்ல வெப்பியா? நாளைக்கு அப்பா குரல்ல எவனாவது சோப்பு விப்பான். நானே பண்றேன். எல்லாம் ஓப்பன் சோர்ஸ்ல இருக்கு. வீட்டு மெஷின்லயே ஓடும், எந்தக் கம்பெனி இழுத்து மூடினாலும் அப்பா குரல் நம்மகிட்டயே இருக்கும்."

"ஆமா, போன வருஷம் அம்மாவுக்குப் பேப்பர் படிச்சுக் காட்ட ஒண்ணு செஞ்சியே, அது இன்னிக்கு வரைக்கும் தலைப்பைத் தாண்டலை."

இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு பேரும் சொன்னது சரி. பெரியவன் சொன்ன ஃபோன் உண்மையிலேயே நல்ல ஃபோன். சின்னவன் பயந்ததும் வெறும் பயமில்லை. ஒருவன் முட்டாளாக இருந்திருந்தால் நான் மற்றவன் பக்கம் சேர்ந்து வேலையை முடித்திருப்பேன். அப்பா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சின்னவனே செய்யட்டும். பெரியவன் அப்டேட் வந்ததும் அதையும் பாக்கலாம்" என்று கரகரத்தார். மகன்கள் இருவர் மனமும் கோணக் கூடாது அவருக்கு.

சின்னவன் வேலையில் இறங்கினான். இறங்கியவன் முதல் படியிலேயே நின்றுவிட்டான். வாசிப்பதற்கான வாக்கியங்கள் இணையத்தில் கிடைத்தன. ஏதோ ஒரு பல்கலைக்கழகம் தயாரித்தவை. ஆனால் அவற்றின் லைசென்ஸ் சரியில்லையாம். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று போட்டிருக்கிறதாம்.

"அதனால என்னடா? அப்பா வாசிக்கிறதை எவன் வந்து பிடிக்கப்போறான்?"

"அப்படியில்லைக்கா. அதை வெச்சுச் செய்யற குரலை நாளைக்கு நான் வெளியில கொடுக்க முடியாது."

"அப்பா குரலை நீ ஏண்டா வெளியில கொடுக்கணும்?"

"குரலை இல்லை, செய்முறையை. நம்மளை மாதிரி எத்தனை வீடு இருக்கும்? இது பிரின்சிபிள்க்கா."

பிரின்சிபிள் என்ற சொல்லை எவனாவது சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். அதற்குமேல் அவன் காதில் எதுவும் ஏறாது. அவனே புதிதாக வாக்கியங்கள் எழுத உட்கார்ந்தான். எல்லா எழுத்தின் ஒலியும் எல்லா இடத்திலும் வர வேண்டும், கேள்வி வேண்டும், கோபம் வேண்டும். எழுதியதை ஓப்பன் சோர்ஸ்காரர்கள் கூடும் ஒரு தளத்தில் போட்டுக் கருத்துக் கேட்டான். கருத்துக்கா பஞ்சம்? ஒருவர் மெல்லினம் குறைகிறது என்றார். இன்னொருவர் வாக்கியம் நீளம் என்றார். மூன்றாவது ஆள், இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்வதையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். சின்னவன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக நன்றி சொல்லித் திருத்திக்கொண்டிருந்தான். இடையிடையே சாமான் அறையின் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு எதிரொலி வராமல் செய்தான். நல்ல மைக் ஒன்றுக்கு ஆர்டர் போட்டான். பெரியவன் தினமும் வந்து, "அப்டேட் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த வாக்கியங்கள் அத்தனையையும் அப்பா வாசித்தார். நாக்கில் சரளமாக வருகிறதா என்று சோதிப்பதற்காகச் சின்னவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு வாசித்தார். "மஞ்சள் குடை பிடித்த ஒட்டகம் ஏணியில் ஏறியது." "ஏன் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் மணி அடிக்கிறீர்கள்?" அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "யோவ், ஒட்டகம் ஏணி ஏறுறதை நீ பார்த்தியா?" என்றாள். "இது கொஞ்சம் நாக்குல சிக்குதுடா" என்பார் அப்பா. சின்னவன் மாற்றி எழுதுவான். கரகரப்புதான், ஆனால் குரல் அப்போது அவருடையதாகவே இருந்தது. ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை, ஏனென்றால் மைக் இன்னும் வரவில்லை.

பொறுக்காமல் நான் என் ஃபோனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி மேசைமேல் வைத்தேன். சின்னவன் பதறினான்.

"அக்கா, ஃபோன் மைக் குரலை அரைச்சுச் சக்கையாக்கிடும். அதைக் கொடுத்துப் பழக்கினா வர்றது அப்பாவா இருக்காது."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவன் எட்டிப் பார்த்து, "அந்த ஃபோன்லயா பதியுற? அது ஃபோனே இல்லைக்கா" என்றான். இருவரும் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். நடுவில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் மட்டும், அம்மாவின் சிரிப்போடும் மின்விசிறிச் சத்தத்தோடும் என் ஃபோனில் தங்கின.

மைக் சனிக்கிழமை வரும், ஞாயிறு பதிவு என்று முடிவாயிற்று. வாக்கியங்களும் இறுதியாகிவிட்டன. சின்னவன் லைசென்ஸ் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தான். பாராட்டு குவிந்தது.

வியாழக்கிழமை நடுப்பகலில் நான் ஒரு வங்கி அதிகாரிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து ஃபோன். விரலால் தடவி எண்ணை அழுத்தியிருக்கிறாள். "உங்கப்பாவுக்கு மூச்சு எடுக்கவே முடியலைடி" என்றாள். அதிகாரியைப் பின் சீட்டுக்குத் தள்ளிவிட்டு வண்டியை நான் எடுத்தேன். அந்தப் பயணத்தில் எத்தனை சிக்னலை மதித்தேன் என்று என் மாணவர்களிடம் சொல்ல மாட்டேன். கட்டி வீங்கிக் காற்றுப் பாதையை அடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இனிக் காத்திருக்க முடியாது என்று அதே கையோடு ஆபரேஷனையும் முடித்தார்கள். உயிர் இருந்தது. டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை.

வெளியே பெஞ்சில் அம்மாவிடம் கேட்டேன், கடைசியாக அப்பா என்ன சொன்னார் என்று.

"லைட்டைப் போடுன்னாரு. பட்டப்பகல்ல. என்கிட்டப் போய்." பெஞ்சின் விளிம்பைத் தடவினாள். "சுவரைத் தடவித் தடவிப் போட்டேன்டி. எரிஞ்சுதான்னுகூட யாரும் சொல்லலை."

மைக் சனிக்கிழமை சரியாக வந்து சேர்ந்தது. சின்னவன் பெட்டியைப் பிரிக்காமல் சாமான் அறையில், கம்பளிகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தான். பெரியவன் சொன்ன அப்டேட்டும் அப்பா வீடு திரும்பிய வாரமே வந்தது. எங்கள் மொழியும் அதில் இருந்தது. அவன் அதைச் சொல்லிக்கொண்டே வந்தான், நடுவில் நிறுத்தினான், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. திட்டுவதற்காக ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். யாரிடம் அவிழ்ப்பது? அவர்களில் ஒருவனுக்கும் அப்பா மேல் அன்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அன்பில்லாதவனாக இருந்தால் கிடைத்த மைக்கில் கிடைத்ததை வாசிக்கவைத்து விட்டிருப்பான்.

என் ஃபோனில் இருந்த அந்தச் சில வாக்கியங்களைச் சின்னவனே வாய்திறந்து கேட்டான். இராப்பகலாக உட்கார்ந்து அதிலிருந்து ஒரு குரல் செய்தான். எல்லாரும் கூடத்தில் கூடினோம். அப்பா டைப் செய்தார். வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல், இழுத்து இழுத்து, அப்பாவின் சாயலில் ஏதோ ஒன்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துடா. உங்கப்பா செத்துப்போய்ப் பேசற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு வேறு வழியில்லை. பெரியவனின் புது ஃபோனில் வருகிற கம்பெனிக் குரலையே வைத்தோம். செய்தி வாசிப்பவரைப்போல் சுத்தமான ஆண் குரல், நடுத்தர வயது, எந்த நோயும் இல்லாதது. பேச்சு வழக்கில் டைப் செய்தால் அது தடுமாறுகிறது என்பதால் அப்பா இலக்கண சுத்தமாக எழுதப் பழகினார். "எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்" என்றது குரல். அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இதோ கொண்டு வர்றேங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து அம்மா அப்பாவிடம் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஒரு முறைதான் என்று நினைத்தேன். இல்லை. அன்றிலிருந்து யோவ் போயிற்று. வாங்க, சாப்பிடுங்க, பரவாயில்லைங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல ஒரு பதவிசு.

சின்னவனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எந்த ஊரோ, யாரோ ஒரு பெண். அவளுடைய தாய்க்கும் பேச்சு போக இருந்ததாம். இவன் எழுதிய வாக்கியங்களைத்தான் வாசிக்கவைத்துப் பதிவு செய்தாளாம். இப்போது தாய் அதே பழைய குரலில் தன்னை அதட்டுகிறாள், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று எழுதியிருந்தாள். சின்னவன் அதை என்னிடம் நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லதுதானேடா" என்றேன். உண்மையிலேயே நல்லதுதான். கூடவே அவனை ஓங்கி ஒன்று வைக்கவும் கை பரபரத்தது. அந்தப் பெண்ணுக்கு அவன் இன்னும் பதில் போடவில்லை.

அப்பா மீண்டும் கேம் ஆட உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் அணிக்காரர்கள் ஆரவாரம். "பெருசு, எங்க போன இவ்வளவு நாளா? ஏன் பேச மாட்டேங்கிற, மைக் போச்சா?" அப்பா திரையில் டைப் செய்தார்: 'போச்சு.' "புதுசு வாங்கு பெருசு, கஞ்சப்பயலே!" என்று சிரித்தார்கள். அப்பாவும் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். ஆட்டம் ஆரம்பித்தது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"வலது பக்கம் யாரோ வர்ற மாதிரி இருக்குங்க."

அப்பா 'வலது' என்று டைப் செய்து முடிப்பதற்குள் நான்கு பேரும் காலி. நான் வாசற்படியில் நின்று, இப்போதாவது அம்மாவின் வாயிலிருந்து ஒரு யோவ் விழாதா என்று காத்திருந்தேன்.

"பரவாயில்லைங்க, அடுத்த ஆட்டத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஃபோனின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு டைப் செய்து திரையை என் பக்கம் திருப்பினார். 'அம்மா ஏன் என்னைத் திட்டுவதே இல்லை? என் மேல் கோபமா?'

"வயசாயிடுச்சில்லப்பா. பக்குவம் வந்துடுச்சு" என்றேன். பொய் என்று அவருக்குத் தெரிந்தது. தலையை ஆட்டி மறுத்தார். மறுபடியும் விரலை ஓட்டினார். 'போய் ஒரே ஒரு தடவை திட்டச் சொல்.'

சமையலறையில் அம்மா தட்டுகளைத் துடைத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். வேண்டுமென்றே விளையாட்டுபோலச் சொன்னேன். "உன்கிட்ட ஒரு தடவை பழைய மாதிரி திட்டு வாங்கணுமாம் உன் வீட்டுக்காரருக்கு."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. தட்டைக் கீழே வைத்தாள். கூடத்துப் பக்கம் திரும்பி, இடுப்பில் கையை ஊன்றி, மூச்சை இழுத்தாள். அதே நேரத்தில், ஆசையை அடக்க முடியாமல் அப்பா ஃபோனின் சத்தத்தை ஏற்றியிருக்க வேண்டும். கூடத்திலிருந்து அந்தச் செய்திக் குரல் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்து வந்தது.

"நான் தயார். திட்டு."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். இடுப்பிலிருந்து கை இறங்கியது. என் தோளைத் தேடிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, கூடத்திலிருக்கும் ஆளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல என் காதோடு சொன்னாள்.

"யாரைடி திட்டறது?"